ஆட்டிசம் உள்ள பிள்ளைங்க தானா முடிவெடுக்கக் கத்துக்கறது: பெத்தவங்க என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் பினாங்குல ஒரு இடைநிலைப்பள்ளியில பிபிகேஐ வகுப்பு எடுக்கறேன், அதாவது சாதாரணப் பள்ளிக்குள்ளயே நடக்கற சிறப்புக் கல்வி வகுப்பு. 16 வருஷமாச்சு. ஆர்பிஐ மீட்டிங், அதாவது ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியா போடற கல்வித் திட்டத்துக்கான கூட்டம், முடிஞ்சு வராண்டாவுல நின்னு பெத்தவங்க கேக்கறது, ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டுக் கேக்கறது, சனிக்கிழமை சௌராஸ்தா மார்க்கெட்ல மீன் வாங்கும்போது நிப்பாட்டிக் கேக்கறது, எல்லாத்தையும் சேத்து இங்க எழுதறேன். முக்கால்வாசி கேள்வி பேச்சு, நடத்தை, படிப்பு பத்தித்தான் வரும். ஆனா எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பிச்சாலும் நான் போய் நிக்கறது ஒரே இடத்துலதான்: இந்தப் பிள்ளை வேணும்னு சொன்னா வீட்ல யாராச்சும் காது குடுக்கறாங்களா, வேண்டாம்னு சொன்னா யாராச்சும் நிறுத்தறாங்களா. இதுக்குப் பேருதான் செல்ஃப் டிட்டர்மினேஷன், தன் வாழ்க்கைய தானே முடிவு பண்ற திறமை.

டீச்சர், செல்ஃப் டிட்டர்மினேஷன்னு சொல்றீங்களே, அப்படின்னா எல்லா வேலையும் தானே செஞ்சுக்கறதா?

இல்லீங்க, இதத்தான் நிறைய பேர் குழப்பிக்கறாங்க. என் வகுப்புல முன்ன ஒரு பையன் இருந்தான், தானே குளிப்பான், தானே சாப்பிடுவான், பேக் அடுக்குவான், ஷூ லேஸ் கட்டுவான், எல்லா டீச்சரும் பாராட்டுவாங்க. ஆனா தாகம் எடுத்தா தண்ணி பாட்டில் மேசை மேலயே இருந்தாலும் யாராச்சும் குடின்னு சொல்ற வரைக்கும் குடிக்க மாட்டான். இன்னொரு பொண்ணு, சட்டை பட்டன் போடக்கூட ஆள் வேணும், ஆனா எந்தச் சட்டைன்னு அவதான் கையக் காட்டுவா, பிடிக்காததக் குடுத்தா கழுத்த உள்ள விடவே மாட்டா. இதுல அந்தப் பொண்ணுதான் முன்னால இருக்கா. உதவி வாங்கிக்கிட்டே தன் வாழ்க்கைய தானே நடத்தலாம், உதவியே இல்லாம அடுத்தவங்க சொல்றபடி மட்டும் வாழ்ந்துட்டும் போகலாம்.

அமெரிக்காவுல கான்சஸ் பல்கலைக்கழகத்துல மைக்கேல் வேமேயர்னு ஒரு பேராசிரியர் இதப் பத்தி பல வருஷமா எழுதறார். அவங்க இதப் பல திறமையாப் பிரிச்சுச் சொல்றாங்க: தனக்கு என்ன பிடிக்கும்னு தெரிஞ்சிருக்கறது, ரெண்டுல ஒண்ணத் தேர்ந்தெடுக்கறது, முடிவெடுக்கறது, ஒரு இலக்கு வச்சு அதுக்குப் போறது, வழியில மாட்டிக்கிட்டா என்ன பண்றதுன்னு யோசிக்கறது, தனக்கு வேணுங்கறத வாய்விட்டோ வேற விதத்துலயோ கேக்கறது. ஒவ்வொண்ணும் சொல்லிக் குடுத்தா வர்ற விஷயம். நம்ம பிள்ளைங்களுக்கு வராம இருக்கறதுக்குப் பெரிய காரணம், கத்துக்கறதுக்கு நாம இடமே விடாததுதான்.

எம்பையனுக்கு 14 வயசு, பேச்சே கிடையாது. அவன் எப்படிம்மா முடிவெடுப்பான்?

எடுத்துக்கிட்டுத்தான் இருக்கான். தட்டத் தள்ளி விடறான் பாருங்க, அது முடிவு. உங்க கையப் பிடிச்சு ஃப்ரிட்ஜ்கிட்ட இழுத்துட்டுப் போறான், அதுவும் முடிவு. நாம செய்ய வேண்டியது அதுக்கு ஒரு பாஷை குடுக்கறது, படமோ, பொருளோ, டேப்லெட்டோ, சைகையோ, எது அவனுக்கு ஒத்து வருதோ அது. படத்த எடுத்துக் கையில குடுத்துக் கேக்கற பெக்ஸ் முறைய 1985ல ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்ட்டும் ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு வரைக்கும் நம்ம ஊர் வகுப்புகள்ல ஓடுது. லேமினேட் பண்ணி வெல்க்ரோ ஒட்டின படம், அவ்வளவுதான் செலவு.

ரெண்டு விஷயம் மட்டும் கவனமா பாருங்க. ஒண்ணு, கொஞ்சம் பேசற பிள்ளைங்க நாம கேட்ட கேள்வியோட கடைசி வார்த்தைய அப்படியே திருப்பிச் சொல்வாங்க. மைலோவா ஹார்லிக்ஸான்னு கேட்டா ஹார்லிக்ஸ்ம்பான், நீங்க கலக்கிக் குடுப்பீங்க, அவன் தள்ளி விடுவான், கேட்டு வாங்கிட்டுக் குடிக்க மாட்டேங்கறானேன்னு உங்களுக்குக் கோவம் வரும். அவன் ஹார்லிக்ஸ் கேக்கவே இல்ல. வார்த்தைய மாத்திப் போட்டுக் கேளுங்க, ஹார்லிக்ஸா மைலோவான்னு. இப்ப மைலோன்னு சொன்னான்னா எதிரொலிதான். அதனால ரெண்டு டின்னையும் முன்னால வச்சுக் காட்டிக் கேக்கறது நல்லது, எது வலப்பக்கம் எது இடப்பக்கம்ங்கறதையும் அப்பப்ப மாத்துங்க, ஏன்னா சில பிள்ளைங்க எப்பவும் ஒரே பக்கம்தான் கை நீட்டுவாங்க.

ரெண்டாவது, காத்திருக்கறது. கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. நாம ரெண்டு எண்றதுக்குள்ள திருப்பிக் கேக்கறோம், மூணாவது எண்ணும்போது நாமளே பதில் சொல்லிடறோம். பாதி வழியில கேள்விய மறுபடி கேட்டா அவன் முதல்லேர்ந்து யோசிக்கணும்.

'வேண்டாம்' சொல்லக் கத்துக் குடுத்தா எல்லாத்துக்கும் வேண்டாம்னு சொல்லுவானே?

சொல்லுவான். முதல் ரெண்டு மூணு வாரம் எல்லாத்துக்கும் சொல்லுவான், ஏன்னா ஒரு வார்த்தை சொன்னா உலகம் நிக்குதுன்னு அவனுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு. விடுங்க. நின்னு காட்டுங்க. அந்த வார்த்தை வேலை செய்யுதுன்னு அவனுக்கு நம்பிக்கை வந்தப்புறம்தான் கடிக்கறது, கிள்றது, தரையில விழறது எல்லாம் குறையும், ஏன்னா அதுல பாதி 'வேண்டாம்'ங்கறதுக்குத்தான் அவன் பண்ணிட்டிருந்தான்.

இதுல எனக்கு ரொம்ப மனசுல இருக்கற ஒரு பயம் உண்டு, அதச் சொல்லிடறேன். பெரியவங்க என்ன சொன்னாலும் கேக்கணும், தொட்டா சும்மா இருக்கணும், உக்காருன்னா உக்காரணும்னு மட்டுமே பழக்கின பிள்ளை, நாளைக்கு யாரோ ஒரு கெட்டவன் வந்து சும்மா இருன்னா சும்மா இருப்பான். நாம பழக்கினதத்தானே அவன் செய்வான். நல்ல பிள்ளை, சொன்ன பேச்சு கேக்கறான்னு ரிப்போர்ட்ல எழுதும்போது எனக்கு இப்பல்லாம் கை நிக்குது.

இன்னொண்ணு, நம்ம ஊருக்கே உள்ள விஷயம். பையனுக்கு வீட்ல 'வேண்டாம்' கத்துக் குடுத்திருப்பீங்க, அவன் பள்ளில வந்து மலாய் டீச்சர்கிட்ட வேண்டாம் வேண்டாம்னு சொல்லுவான், அவங்களுக்குப் புரியாது, ஏதோ சத்தம் போடறான்னு நினைச்சு விட்டுடுவாங்க. என் கண்ணு முன்னாடியே நடந்திருக்கு, பாடும் நேரத்துல ஸ்பீக்கர் சத்தம் தாங்காம ஒரு பையன் பதினஞ்சு தடவையாவது சொல்லியிருப்பான், கடைசில நாற்காலியத் தூக்கி எறிஞ்சான், ரிப்போர்ட்ல நாற்காலி மட்டும்தான் ஏறுச்சு. அதுலேர்ந்து நான் மூணு பாஷையிலயும் சொல்லிக் குடுக்கறேன், வேண்டாம், தாக் நாக், நோ, கூடவே உள்ளங்கைய நீட்டி நிறுத்தற சைகை. சைகை எல்லாருக்கும் புரியும்.

மருந்து, சீட் பெல்ட், ரோட்டத் தாண்டறது மாதிரி விஷயத்துல 'வேண்டாம்' செல்லாது, உண்மைதான். அப்ப அத கேள்வியா கேக்காதீங்க. குளிக்கலாமான்னு கேட்டுட்டு அவன் வேண்டாம்னதும் இழுத்துட்டுப் போனா, அந்த வார்த்தைக்கு மதிப்பில்லன்னு நீங்களே சொல்லிக் குடுத்த மாதிரி. குளிக்கற நேரமாச்சு, பச்சைத் துண்டா நீலத் துண்டான்னு கேளுங்க.

கடைக்குப் போனா அவன் சொல்றதுக்குள்ள நேரமாயிடுது, பின்னால ஆள் நிக்கறாங்க, நாங்களே ஆர்டர் பண்ணிடறோம். தப்பா?

நானும் பண்ணியிருக்கேன்ங்க. வகுப்புப் பிள்ளைங்க ஆறு பேரோட ஜாலான் டத்தோ கெராமாட் பக்கம் ஒரு மாமாக் கடைக்கு, அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கு, பசியாறப் போனோம். அண்ணன் வந்து நின்னார், என் பக்கத்துல ஒரு பையன், 15 வயசு, அவன் வாயத் திறக்கறதுக்குள்ள நான் 'இவனுக்கு ரொட்டி கோசோங், மைலோ பானாஸ்'னுட்டேன், அதாவது வெறும் ரொட்டி, சூடா மைலோ, ஏன்னா மூணு வருஷமா அவன் அதத்தான் சாப்பிடறான்னு எனக்குத் தெரியும். ரொட்டி வந்துச்சு. பையன் தொடல. மேசை மேல கண்ணாடிக்கு அடியில செருகியிருந்த மெனு படத்துல ரொட்டி தெலூர், அதாவது முட்டை ரொட்டி, அது மேல ஒரு விரல வச்சு அழுத்திக்கிட்டே இருந்தான், விரல் நுனி வெள்ளையாப் போற அளவுக்கு அழுத்திக்கிட்டு என்னப் பாக்காம மேசையப் பாத்துக்கிட்டு இருந்தான். நான் உக்காந்ததுலேர்ந்து அவன் விரல் அங்கதான் இருந்திருக்கு, நான்தான் பாக்கல. அந்த அண்ணன்தான் பாத்துட்டு, தெலூர் வேணுமா தம்பின்னு அவன்கிட்டயே கேட்டார். பையன் தலைய ஆட்டினான். இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

நேரம் வேணும்னா கூட்டம் இல்லாத நேரத்துக்குப் போங்க, மூணு மணிக்கு மேல, நாலு மணி வாக்குல. ஃபோன்ல அவனுக்குப் பிடிச்ச நாலு அயிட்டம் படம் எடுத்து வச்சு, அவனே கடைக்காரர்கிட்ட காட்டட்டும். கடைக்காரர் உங்களப் பாத்து 'அவனுக்கு என்ன'ன்னு கேட்டா, நீங்க பையனப் பாருங்க, பேசாதீங்க. அவரும் பையனப் பாப்பார். ஒரே கடைக்கே திரும்பத் திரும்பப் போங்க, நாலாவது தடவ அவங்களே பழகிடுவாங்க.

வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுங்கன்னு சொல்லிட்டாங்க, தமிழ் பேசினா குழம்பிடுவானாமே?

ரெண்டு பாஷை கேட்டு வளர்றதால ஆட்டிசம் உள்ள பிள்ளைங்களுக்குப் பேச்சு பின்தங்கறதில்லன்னு ஆராய்ச்சிகள்ல திரும்பத் திரும்ப வந்திருக்கு. எனக்கு இதுல வேற கவலை. அம்மா அரைகுறை இங்கிலீஷ்ல நாலு வார்த்தை பேசறா, அப்பா பேசறதையே விட்டுட்டார், பாட்டி வாயத் திறக்கறதில்ல, சாப்பாட்டு மேசையில நடக்கற பேச்சு எல்லாம் தமிழ்ல அவன் தலைக்கு மேல போகுது. குடும்பத்துல என்ன முடிவு பண்றாங்கன்னே தெரியாத பிள்ளை அதுல எப்படிக் கலந்துக்குவான்? தமிழ்லயே பேசுங்க. படம், கார்டு மட்டும் பள்ளியிலயும் வீட்டுலயும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

இலக்கு வைக்கக் கத்துக் குடுக்கறதுன்னு ஆர்பிஐல எழுதியிருந்தீங்க. அது எப்படி?

இதக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன், ஏன்னா நான் பாத்ததுலயே அதிகமா வேலை செஞ்சது இதுதான். வேமேயரும் கூட இருந்தவங்களும் 2000ல ஒரு கற்பித்தல் முறைய வெளியிட்டாங்க, சுருக்கமா எஸ்டிஎல்எம்ஐன்னு சொல்வாங்க. மூணு கட்டம், ஒவ்வொண்ணுலயும் நாலு கேள்வி, மொத்தம் 12. முக்கியமானது என்னன்னா கேள்வி எல்லாம் மாணவன் தன்னத்தானே கேட்டுக்கற மாதிரி இருக்கும். முதல் கட்டம் என் இலக்கு என்ன, ரெண்டாவது அதுக்கு என்ன திட்டம், மூணாவது என்ன கத்துக்கிட்டேன்.

ஒரு பையன், 16 வயசு, பஸ்னா உயிரு. 'உனக்கு என்ன கத்துக்கணும்'னு நான் ஒரு வாரம் விதவிதமா கேட்டேன், ஒரு நாள் 101னு எழுதினான். கொம்தார்லேர்ந்து போற 101 பஸ், அதுல ஏறித் தஞ்சோங் பூங்காவுல இருக்கற பாட்டி வீட்டுக்கு ஒத்தையா போகணுமாம். அவன் ஆர்பிஐல அந்த வருஷம் நாங்க எழுதி வச்சிருந்த இலக்கு டி-ஷர்ட் மடிக்கறது. அவன் ஏற்கனவே மடிப்பான். அதத் தூக்கிட்டு 101ஐ எழுதினோம்.

இப்ப என்ன தெரியும்னு கேட்டா, நிறுத்தம் எல்லாம் வரிசையா சொல்றான், என்னவிட நல்லாத் தெரியுது. என்ன தெரியலன்னா, எப்ப பெல் அழுத்தணும், காசு எவ்வளவு, பஸ் வராட்டி என்ன பண்றது. ரெண்டாவது கட்டத்துல எது உன்னத் தடுக்கும்னு ஒரு கேள்வி வரும், அதுக்கு அவன் படம் வரைஞ்சான், ஒரு காது, அதுக்குள்ள பெல். எனக்கு அது தோணவே தோணாது, நான் திருட்டு, கூட்டம், வழி தப்பறதுன்னு லிஸ்ட் போட்டு வச்சிருந்தேன், அவனுக்கு பெல் சத்தம்தான் தடை. அத எப்படித் தாண்டலாம்னு கேட்டதுக்கு ரெண்டு வழி அவனே சொன்னான், ஒண்ணு ஹெட்ஃபோன், இன்னொண்ணு வேற யாராச்சும் அழுத்தற வரைக்கும் காத்திருக்கறது. ரெண்டாவது வழியில ரெண்டு தடவ நிறுத்தத்தத் தாண்டிப் போயிட்டான், நானும் அவங்க அம்மாவும் பின் சீட்டுல உக்காந்து ஒண்ணும் சொல்லாம பாத்துக்கிட்டு இருந்தோம், அவங்க அம்மா என் கையப் பிடிச்சிருந்த பிடி இன்னும் ஞாபகம் இருக்கு. மூணாவது கட்டத்துல திட்டத்த மாத்தணுமா இலக்க மாத்தணுமான்னு அவன்கிட்ட கேட்டோம், திட்டம்னான். ஹெட்ஃபோன் போட்டான். அப்புறம் நான் முன் சீட்டு, அப்புறம் அவங்க அப்பா மோட்டார்ல பின்னால, அப்புறம் ஃபோன்ல லொகேஷன் மட்டும். ஏழு மாசம் ஆச்சு மொத்தம்.

12 கேள்வியையும் வார்த்தையாத்தான் கேக்கணும்னு இல்ல, படமா, ஆமா இல்லைன்னு ரெண்டு கார்டா மாத்தலாம். ஆனா பதில நீங்க எழுதிடாதீங்க.

ஆர்பிஐ மீட்டிங்ல பையன உக்கார வைக்கணுமா? அவனுக்கு ஒண்ணும் புரியாதே.

அவன் வாழ்க்கையப் பத்தி நாலு பேர் ரூம்ல உக்காந்து பேசறோம், அவன் மட்டும் வெளிய இருக்கான். பத்து நிமிஷம் வரட்டும். போன தவணை செஞ்ச மூணு விஷயத்தப் படமா காட்டட்டும், பிடிச்சதுல ஸ்டிக்கர் ஒட்டட்டும், பிடிக்காததத் திருப்பிப் போடட்டும். அதுக்கு முன்னாடி வகுப்புல ரெண்டு தடவ ஒத்திகை பாருங்க, ரூம்ல யார் யார் இருப்பாங்கன்னு ஃபோட்டோ காட்டுங்க. போதும்னா எழுந்து போக ஒரு கார்டும் குடுங்க. பள்ளில யாரும் கூப்பிடலன்னா நீங்க கேளுங்க, கேக்கலாம், பெத்தவங்க அந்தத் திட்டத்துல பங்குள்ளவங்கதான்.

தப்பான முடிவு எடுத்தா?

எடுக்கட்டும், சின்னத் தப்பா இருக்கற வரைக்கும். சிறப்புக் கல்வி மாணவனுக்கு அரசாங்கம் மாசம் 150 வெள்ளி (ரிங்கிட்) உதவித்தொகை குடுக்குது இல்லையா, அது அவன் பேர்லதான் வருது, அதுல ஒரு பத்து வெள்ளியாவது அவன் கையில போயிருக்கான்னு பெத்தவங்க கூட்டத்துல கேட்டா யாரும் கை தூக்க மாட்டாங்க. வாரத்துக்கு ரெண்டு வெள்ளி குடுங்க. திங்கக்கிழமையே கேண்டீன்ல ஐஸ் வாங்கித் தீத்துடுவான். செவ்வாக்கிழமை கேப்பான், இல்லன்னு சொல்லுங்க, திட்டாதீங்க, காலி பர்ஸ மட்டும் காட்டுங்க. காசுப் பாடத்த எந்த ஒர்க் ஷீட்டும் இந்த மாதிரி சொல்லிக் குடுத்து நான் பாக்கல.

வெளிய கூட்டிட்டுப் போனா கத்தி அழுது காத மூடிக்கறான். இந்த நிலைமையில முடிவு, இலக்கு எல்லாம் எங்கேர்ந்து?

இங்கேர்ந்துதான். அடம்ங்கறது வேற, தாங்க முடியாமப் போறதுங்கறது வேற. அடத்துல பிள்ளை உங்க முகத்தப் பாத்துப் பாத்து அழும், கேட்டது கிடைச்சா நிக்கும். தாங்க முடியாமப் போனா நீங்க எதக் குடுத்தாலும் நிக்காது, சத்தமும் வெளிச்சமும் குறைஞ்சு உடம்பு அடங்கினாத்தான் நிக்கும். அந்த நேரத்துல ஒண்ணும் கேக்காதீங்க, கேள்வியும் ஒரு சத்தம்தான். கத்துக் குடுக்க வேண்டியது அதுக்கு முன்னாடி, உடம்பு சூடாகுது, காது வலிக்குதுன்னு தானே கண்டுபிடிச்சு, போதும்னு சொல்றதுக்கு.

தைப்பூசத்துக்கு ஒரு குடும்பம் இங்க தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகாம ஆறு வருஷம் இருந்தாங்க பையனால. அப்புறம் அவன்கிட்டயே விட்டாங்க. பச்சை, மஞ்சள், சிவப்புன்னு மூணு கலர் ரப்பர் பேண்ட் கையில, சிவப்ப கழட்டிக் குடுத்தா உடனே திரும்பிடணும், யாரும் இன்னும் அஞ்சு நிமிஷம்னு சொல்லக்கூடாதுன்னு வீட்ல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. முதல் வருஷம் வாட்டர்ஃபால் ரோட்டுல முதல் தண்ணீர்ப் பந்தல்லயே சிவப்பு வந்துடுச்சு, உருமி சத்தம். தாத்தா உள்பட எல்லாரும் திரும்பினாங்க. அடுத்த வருஷம் விடியக்காலை நாலு மணிக்குப் போனாங்க, அடிவாரம் வரைக்கும் போனான். சிவப்பு குடுத்தா நிஜமாவே திரும்பிடுவாங்கன்னு நம்பினதாலதான் அவ்வளவு தூரம் போனான்.

தீபாவளிக்கு வீட்டுக்கு வர்ற மாமா கன்னத்தக் கிள்றார், கட்டிப் பிடிக்கறார். பையனுக்குப் பிடிக்காது, ஆனா பெரியவங்க கோவிச்சுக்குவாங்களே?

பெரியவங்க கோவம் ரெண்டு நாள்ல போயிடும். கை கூப்பி வணக்கம் சொல்றது, கையோட கை தட்டறது, தூரத்துலேர்ந்து கை ஆட்டறது, இதுல எதுன்னு பையன் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கட்டும், நீங்க மாமாவுக்கு ஃபோன் போட்டு முதல்லயே சொல்லிடுங்க: 'மாமா, இவன் இப்பல்லாம் வணக்கம்தான் சொல்றான், நீங்களும் திருப்பி வணக்கம் சொல்லுங்க, சந்தோஷப்படுவான்.' அங் பாவ் (பணக் கவர்) வாங்கணும்னா கட்டிப் பிடின்னு மட்டும் யாரையும் சொல்ல விடாதீங்க, காசுக்கு உடம்பத் தொட விடறதப் பழக்கக் கூடாது.

மகள் வயசுக்கு வந்துட்டா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. எந்தப் பேட் உறுத்தல அப்படிங்கறது அவளுக்குத்தான் தெரியும், மூணு பிராண்ட் வாங்கித் தொட்டுப் பாத்துத் தேர்ந்தெடுக்கட்டும். மாத்தும்போது கதவு சாத்தியிருக்கணும்னு, யார் உதவிக்கு வரலாம் யார் வரக்கூடாதுன்னு அவளே சொல்லட்டும், ஃபோட்டோ வச்சுக்கூட சொல்லலாம். நீங்க உள்ள போகும்போது கதவத் தட்டிட்டுப் போங்க. உங்க மக உடம்பு அவளோடதுன்னு அவளுக்கு முதல்ல தெரியறது அந்தக் கதவத் தட்டற சத்தத்துலதான்.

அவனுக்கு ஆட்டிசம் இருக்குன்னு அவன்கிட்டயே சொல்லலாமா?

சொல்லுங்க. அவனுக்கு ஏற்கனவே தெரியும் தான் வேற மாதிரின்னு, பேருதான் தெரியாது. பேர் தெரியாட்டி 'எனக்கு சத்தம் ஆகாது, ஹெட்ஃபோன் போட்டுக்கறேன்'னு வேலை இடத்துல எப்படிக் கேப்பான்? ஓகேயு கார்டு, அதாவது மாற்றுத் திறனாளி அட்டை, அவன் பர்ஸ்லயே இருக்கட்டும், அது எதுக்குன்னும் தெரியட்டும்.

தாத்தா பாட்டி பாவம் பாவம்னு எல்லாத்தையும் செஞ்சு குடுத்துடறாங்க.

அவங்க பாசத்தக் குறை சொல்லாதீங்க, அவங்களுக்கு ஒரு வேலை குடுங்க. வடை சுட்டதும் தட்டத் தூரத்துல வச்சுட்டு, அவன் கேக்கற வரைக்கும் காத்திருக்கறது பாட்டி வேலை. எல்லாரையும்விடப் பாட்டிங்கதான் இதுல கெட்டிக்காரங்க, அவங்களுக்கு நேரம் இருக்கு.

இதெல்லாம் உண்மையிலேயே பின்னால பிரயோஜனப்படுமா, இல்ல படிப்பு நேரம் வீணா?

1997ல வேமேயரும் ஷ்வார்ட்ஸும் பள்ளி முடிச்ச சிறப்புக் கல்வி மாணவர்கள ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தாங்க, தன்முடிவுத் திறமை அதிகமா இருந்தவங்க வேலையில இருக்கறது அதிகமா இருந்துச்சு. அவங்க அறிவுத்திறன் குறைபாடோ கற்றல் குறைபாடோ உள்ள மாணவர்கள், ஆட்டிசம்னு தனியா பாத்த ஆய்வு இல்ல அது, அதையும் சொல்லிடணும். என் கண்ணால பாத்தது என்னன்னா, முதலாளிங்க திருப்பி அனுப்பற பிள்ளைங்க பெரும்பாலும் வேலை தெரியாதவங்க இல்ல, ஒரு வேலை முடிஞ்சா அடுத்தது சொல்ற வரைக்கும் அப்படியே நிக்கறவங்க, பாத்ரூம் எங்கன்னு கேக்கத் தெரியாம தவிக்கறவங்க.

18 ஆகப் போகுது. இப்ப ஆரம்பிச்சா லேட்டா?

லேட் இல்ல, ஆனா நேரம் கம்மி. பிபிகேஐல 19 வரைக்கும்தான். நம்ம நாட்டுல 18 ஆனா சட்டப்படி பெரியவங்க, மைகார்டு (அடையாள அட்டை) மாத்தப் போகணும், ஓட்டு உரிமை வருது. மாற்றுத் திறனாளிகள் சட்டம் 2008ல வந்துச்சு, ஐநாவோட மாற்றுத் திறனாளிகள் உரிமை ஒப்பந்தத்த மலேசியா 2010ல ஏத்துக்கிச்சு, அதுல 12வது பிரிவு சொல்றது உதவி தேவைப்பட்டாலும் முடிவு அவங்களோடதுன்னு. அதனால மைகார்டு மாத்தப் போகும்போது உங்க பையன் பேர அவன் சொல்லட்டும், வாயாலயோ கார்டாலயோ. பேங்க் கணக்கு ஆரம்பிச்சா ஏடிஎம் பட்டன அவன் அழுத்தட்டும். தொழில் பயிற்சிக்கு கெடா மாநிலத்து மெர்போக்ல இருக்கற சிறப்புக் கல்வித் தொழிற்பள்ளி மாதிரி இடத்துக்கு அனுப்பலாம்னு யோசிச்சா, விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி அவன அங்க கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. சமையல் பட்டறையில முகம் எப்படி இருக்கு, தையல் பட்டறையில எப்படி இருக்குன்னு பாருங்க. நிறைய பேர் எது கிடைக்குதோ அதுல சேத்துட்டு, ஆறு மாசத்துல வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறாங்க.

எங்க காலத்துக்கு அப்புறம் இவன் என்ன ஆவான் டீச்சர்?

இந்தக் கேள்விய எல்லாரும் கேக்கறாங்க, பெரும்பாலும் கார் கதவத் திறந்து வச்சுக்கிட்டு, பையன் உள்ள உக்காந்திருக்கும்போது, குரலத் தாழ்த்தி. என்கிட்ட முழுப் பதில் இல்ல. நான் செய்யச் சொல்றது ஒரு சின்ன நோட்டு. அவன யார் பாத்துக்க வந்தாலும், அத்தையோ, தம்பியோ, காப்பகத்துல இருக்கறவங்களோ, அவங்க கையில குடுக்கறதுக்கு. டாக்டர் ரிப்போர்ட் இல்ல அது, அவன் நோட்டு, அவன் சொல்லி, அவன் ஃபோட்டோ ஒட்டி, அவனுக்கு முடிஞ்சா அவன் கையெழுத்துல. எனக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது, நான் எப்படி வேண்டாம்னு சொல்லுவேன், நான் அழுதா என்ன பண்ணணும். வருஷம் ஒரு தடவ திருத்தணும், பிடிச்சது மாறும்.

101 பஸ் பையனோட நோட்டு முதல் பக்கத்துல இப்படி இருக்கு, அவன் எழுதினதத்தான் அப்படியே போடறேன்: தோசை ஓரம் மொறுமொறு. ஃபேன் 3. முதுகுல தட்டாதீங்க. கேட்டுட்டு பத்து எண்ணுங்க. பெல் நானே அழுத்துவேன்.